ஞாயிற்றுக்கிழமை விபூதி

டாக்குரியா, கொல்கத்தா
மகாளயத்துக்கு முந்தின வியாழக்கிழமை

சிரஞ்சீவி சைதன்யாவுக்கு அம்மா அநேக ஆசீர்வாதம். இங்கே அப்பாவின் வலது முழங்காலைத் தவிர எல்லாரும் சௌக்கியம். அங்கே உன் சௌக்கியத்துக்கு எழுது என்று அடுத்த வரி போடுவதுதான் வழக்கம், இந்தத் தடவை அந்த வரிக்கு வந்ததும் கை நின்றுவிட்டது, ஏன் என்று போகப் போகச் சொல்கிறேன். வாட்ஸப் இருக்கும்போது அம்மாவுக்கு என்ன தபால் பைத்தியம் என்று நீ சிரிப்பாய். வாட்ஸப்பில் எழுதினால் நீல டிக் வந்ததா வந்ததா என்று பார்த்துக்கொண்டு அடுப்பில் பாலைப் பொங்க விட்டுவிடுவேன். போனில் பேசலாம் என்றால் நான் பாதி சொல்வதற்குள் நீ சரிம்மா சரிம்மா என்பாய், நானும் சரி என்று வாயை மூடிக்கொள்வேன். தாளில் எழுதினால் யாரும் குறுக்கே பேச முடியாது. இதை அப்பாவிடம் கொடுத்தால் உறை ஒட்டுகிற சாக்கில் படித்துவிடுவார் என்பதால் நானே தபாலாபீசுக்குப் போய்ப் போடப் போகிறேன், கடல் தாண்டி உன் ஊர் கால்கரிக்கு எத்தனை நாளில் வந்து சேருமோ தெரியாது.

முதலில் வீட்டுச் சமாசாரம். நம் சந்தில் பூஜைப் பந்தலுக்கு மூங்கில் நட்டாகிவிட்டது, வழக்கம்போல் சரியாக நம் கேட்டுக்கு நேரே. அப்பா கிளப்காரர்களிடம் போய்த் தன்னுடைய பாங்க் ஆபீசர் பெங்காலியில் சண்டை போட்டார். அவர்கள் மேஷோமோஷாய் மேஷோமோஷாய் என்று மாமா முறை கொண்டாடி நாற்காலி போட்டு, டீ கொடுத்து, முழங்காலை விசாரித்து அனுப்பிவிட்டார்கள், மூங்கில் நட்ட இடத்திலேயே இருக்கிறது. மழை விட்டபாடில்லை. கொலுப் படியை இன்னும் பரணிலிருந்து இறக்கவில்லை, நான் ஏறினால் அப்பா கத்துகிறார், அவர் ஏறினால் நான் கத்துகிறேன், நடுவில் படி அங்கேயே கிடக்கிறது. மதுவந்தி நியூ டவுன் வீட்டுக்குப் போனதிலிருந்து உன் அக்கா என்கிற ஒருத்தி இருப்பதே போனில்தான் தெரிகிறது. அங்கிருந்து இங்கே வர ஒரு டாக்ஸியும் ஒத்துக்கொள்வதில்லையாம், வருகிறேன் என்று போட்டுவிட்டுப் பாதியில் கேன்சல் செய்துவிடுகிறான்களாம். கீழ் வீட்டு மாஷிமா பாபுன் பூஜைக்கு வருகிறானா என்று தினம் ஒரு தடவை கேட்கிறாள், உனக்குச் சைதன்யா என்று நாங்கள் வைத்த பெயர் அவளுக்கு மறந்தே போயிருக்கும்.

என் வேலையைப் பற்றி நீ கேட்கும்போதெல்லாம் நன்றாகப் போகிறது என்று ஒரு வார்த்தையில் முடித்துவிடுகிறேன். நிஜம் என்னவென்றால் அது என்ன வேலை என்று எனக்கே இன்னும் தலையும் புரியவில்லை வாலும் புரியவில்லை. நான் தூக்க மாத்திரையில் விழுந்து கிடந்ததும், மனசு இருண்டு போய்ப் பகலெல்லாம் சுவரைப் பார்த்துப் படுத்திருந்ததும் உனக்குத் தெரியாததில்லை, லீவு போட்டு வந்து என்னை டாக்டரிடம் கைபிடித்து அழைத்துப் போனவனே நீதான். அந்த டாக்டர்தான் நான் தேறிய பிறகு, ஜாதவ்பூரில் ஒரு மையம் இருக்கிறது, இப்போது எழுந்து வர முயற்சி செய்கிறவர்களோடு நீங்கள் உட்காருங்கள் என்றார். அதற்குப் பெயர் பியர் கோச், தன்னைப் போல விழுந்தவர்களுக்குத் துணை. டாக்டர் வேலை இல்லை, கவுன்சிலர் வேலையும் இல்லை. தானும் ஒரு தடவை அந்தக் குழியில் விழுந்து எழுந்திருக்க வேண்டும், அது ஒன்றுதான் இதற்குப் படிப்பு. பூகோள டீச்சராக இருந்தபோது உலகத்தில் இருக்கிற ஆறு மலை எல்லாம் ஒப்பித்தேன், இந்த வேலைக்கு அதில் ஒன்றும் உதவவில்லை.

எங்களுக்குச் சொல்லிக் கொடுக்கிறவள் சுதேஷ்ணா என்று ஒரு பெண், மதுவந்தி வயசுதான் இருக்கும், என்னை மாதங்கி தி என்று அக்கா போட்டுக் கூப்பிடுகிறாள். அவள் சொல்வதைக் கேட்டால் உனக்குச் சிரிப்பு வரும். புத்தி சொல்லக் கூடாதாம். ஏன் என்று கேட்கக் கூடாதாம், ஏன் என்றால் கேட்கப்படுகிறவன் உடனே குற்றவாளிக் கூண்டில் ஏறிவிடுவானாம். எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்லக் கூடாதாம், அது நமக்குத் தெரியாத விஷயமாம். புத்தி சொல்லாமல், ஏன் என்று கேட்காமல், எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்லாமல் ஒரு தமிழ் அம்மா எந்த வாயால் பேசுவாள் என்று நான் கேட்டேன். பேசவே வேண்டாமே என்றாள். இதை அப்பாவிடம் வந்து சொன்னால், பேசாம இருக்கறதுக்கு ஒரு டிரெயினிங்கா, அதை இத்தனை வருஷமா நீ எனக்கு ஃப்ரீயா குடுத்திண்டிருக்கியே என்கிறார். லேக் ஓரம் தன்னோடு நடக்கிறவர்களிடம் நான் யாருக்கோ தமிழ் டியூஷன் எடுப்பதாகச் சொல்லி வைத்திருக்கிறார். வெட்கத்தால் இல்லையாம், விளக்கத் தெரியவில்லையாம். முதல் நாள் என்னிடம் வரப்போகிறவருக்கென்று நான் ஒரு டப்பா இட்லி மிளகாய்ப்பொடி தடவி எடுத்துக்கொண்டு போனேன். சுதேஷ்ணா அதைப் பார்த்துவிட்டு, மாதங்கி தி, இது அவருடைய பசிக்கா உங்களுடைய பயத்துக்கா என்று கேட்டாள். எனக்கு வந்த கோபத்துக்கு இட்லியை அவள் மேஜையிலேயே வைத்துவிட்டு வந்தேன். சாயங்காலத்துக்குள் அவள் எல்லாவற்றையும் சாப்பிட்டுவிட்டு டப்பாவை மட்டும் கழுவி வைத்திருந்தாள், அது வேறு விஷயம்.

என்னிடம் ஒருவனை ஒப்படைத்திருக்கிறார்கள். அவன் சொன்னதை வெளியே சொல்லக் கூடாது என்பது இந்த வேலையின் முதல் சட்டம், இப்போது எழுதப் போவதை அவனிடம் கேட்டு, அவன் சரி என்ற பிறகுதான் எழுதுகிறேன். உத்தமன் என்று வைத்துக்கொள், அது அவன் பெயர் இல்லை. ஊர், உத்தியோகம், வயசு இந்த மூன்றில் ஒன்றை மாற்றியிருக்கிறேன், எதை என்று கேட்காதே. கரக்பூரில் ரயில்வே குவார்ட்டர்ஸில் வளர்ந்தவன், அப்பா காலமாகிவிட்டார், அம்மா அங்கேயே இருக்கிறாள், இவன் நியூ டவுனில் கம்ப்யூட்டர் ஆபீசில் இருக்கிறான், தனியாக. உன்னைவிட ஒரு வயசு கூட இருக்கலாம். குடி. தமிழில் பேச ஆள் வேண்டும் என்று கேட்டிருக்கிறான், ஏனென்றால் பெங்காலியிலும் இங்கிலீஷிலும் அவனுக்குப் பொய் சரளமாக வருகிறதாம், தமிழில் தடுக்குகிறதாம். என்னை ஆன்ட்டி என்கிறான். நாலைந்து வாரம் ஒழுங்காக வந்தான். நானும் ஒழுங்காக வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தேன், அது எனக்குப் பட்டினி கிடப்பதைவிடக் கஷ்டமாக இருந்தது.

விஸ்வகர்மா பூஜை வாரம் அவன் வரவில்லை. அன்றைக்கு இந்த ஊரில் குடிக்காதவனையும் பிடித்துக் குடிக்க வைப்பார்கள் என்று உனக்குத் தெரியும். அடுத்த வாரம் வந்து நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, குடிச்சிட்டேன் ஆன்ட்டி, மூணு நாள் என்றான். எனக்கு வாய் வரை வந்துவிட்டது, இவ்வளவு சொல்லியும் என்று ஆரம்பிக்கத்தான் இருந்தேன், அப்புறம்தான் நான் ஒன்றுமே சொல்லியிருக்கவில்லையே என்று ஞாபகம் வந்தது. நீ திரும்பி வந்தது எனக்குச் சந்தோஷம் என்று மட்டும் சொன்னேன், அது பொய்யும் இல்லை. அவன் நாற்காலியில் கொஞ்சம் பின்னால் தள்ளி உட்கார்ந்தான். பிறகு தானாகச் சிரித்துக்கொண்டு, அந்த மூணு நாளில் ஞாயிற்றுக்கிழமையும் வந்தது, அம்மாவுக்கு வீடியோவில் பேசணும் என்று சொல்ல ஆரம்பித்தான். எப்படிப் பேசினாய் என்றேன், ஏன் என்று கேட்கக் கூடாதே தவிர எப்படி என்று கேட்கலாம். அதுக்கு ஒரு மெத்தட் இருக்கு ஆன்ட்டி என்றான். காலையில் ஆரம்பிப்பதற்கு முன்னால் பேசிவிட வேண்டுமாம். ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்கார வேண்டுமாம், முகம் கறுப்பாகத்தான் தெரியும். சாப்பிட்டாயா என்று அம்மா கேட்பதற்கு முன்னால் சாப்ட்டேன்மா என்று சொல்லிவிட வேண்டுமாம். நாக்கு தடுக்கினால் நெட்வொர்க் சரியில்லை என்று வைத்துவிட வேண்டுமாம். எல்லாவற்றுக்கும் மேலே நெற்றி நிறையத் திருநீறு. எங்கம்மா நெத்தியைத்தான் பாப்பாங்க ஆன்ட்டி, அதைப் பாத்துட்டாங்கன்னா கண்ணைப் பாக்க மாட்டாங்க என்றான். அவன் சொன்ன விதத்தில் நானும் சேர்ந்து சிரித்துவிட்டேன். எட்டு பி ஸ்டாண்டில் பஸ் ஏறி உட்கார்ந்த பிறகும் சிரிப்பு இருந்தது. டாக்குரியா பாலத்தில் பஸ் நின்றபோது அது போய்விட்டது.

சைதன்யா, உனக்கு விபூதி இட்டுவிட நான் பட்ட பாடு இந்தத் தெருவுக்கே தெரியும். காலேஜ் போகும்போது வாசலில் இட்டு அனுப்பினால் திருப்பத்தில் துடைத்துவிடுவாய், அந்தக் கைக்குட்டையைத் துவைத்தவள் நான்தான். கால்கரி போகும்போது பெட்டியில் நான் வைத்த பொட்டலத்தை வெளியே எடுத்து மேஜை மேல் வைத்துவிட்டுப் போகப் பார்த்தாய், நான்தான் திரும்பத் திணித்தேன். அப்படிப்பட்ட பிள்ளை இந்தச் சித்திரையிலிருந்து ஞாயிற்றுக்கிழமை தவறாமல் மூன்று பட்டை போட்டுக்கொண்டு வந்து நிற்கிறாய். நான் எவ்வளவு பூரித்துப் போனேன் தெரியுமா. லேக் மார்க்கெட்டில் கறிவேப்பிலை வாங்குகிற இடத்தில் கோமதி மாமியிடம், வெளிநாடு போனா எல்லாரும் மாறிடறா, என் பிள்ளை அங்கே போய்த்தான் திருந்தியிருக்கான் என்று சொல்லியிருக்கிறேன். எப்போதும் அரை மணி தாமதமாகக் கூப்பிடுகிறவன் இப்போது மணி அடித்தாற்போல் கூப்பிடுகிறாய், எங்களுக்குச் சாயங்காலம், உனக்கு விடிந்த காலை. வெளிச்சம் உன் முதுகுப் பக்கம் இருக்கிறது. நான் வாயைத் திறப்பதற்கு முன்னால் சாப்டாச்சும்மா என்கிறாய்.

அதனால் எனக்கு ஒன்றும் புரியவில்லை. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள், அதுதானோ என்னவோ. அப்பா ஞாயிற்றுக்கிழமைப் பேப்பரில் ஏதாவது வியாதியைப் பற்றிப் படித்தால் திங்கட்கிழமை அவருக்கு அது வந்துவிடும், அதேபோல் நானும் ஒரு உத்தமனைப் பார்த்துவிட்டு நெற்றியில் விபூதி இட்டவனை எல்லாம் சந்தேகப்படுகிறேனோ. போன ஞாயிறு கோயிலுக்குப் போனால் அங்கே அத்தனை பேர் நெற்றியையும் விட்டுவிட்டுக் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன், குருக்கள் என்ன மாமி உடம்பு சரியில்லையா என்று கேட்டுவிட்டார். நீ நிஜமாகவே பக்திமானாக மாறியிருந்தால் உன் அம்மாவைப் போல் ஒரு பாவி உலகத்தில் கிடையாது, இத்தனை நாள் வேண்டிக்கொண்டது கிடைத்த பிறகு அதையே குறுக்கு விசாரணை செய்கிறேன். இல்லை, வேறு ஏதாவது பெண் விஷயமாக இருந்தால் அதையாவது சொல்லிவிடு, பஞ்சாபியோ சீனாவோ யாராக இருந்தாலும் சரி, எனக்கு இப்போது அது ஒரு நல்ல சேதியாகத்தான் இருக்கும். மதுவந்தியிடம் ஜாடையாகக் கேட்டேன், அவன் நன்னாத்தான் இருக்கான், நீதான் கோர்ஸ் படிச்சுட்டு எல்லாரையும் பேஷன்ட்டா பாக்கறே என்றாள். அவள் சொல்வதும் நியாயம்தான். நீ மலை ஏறின போட்டோ அனுப்பியிருந்தாய், அதில் உன் முகம் நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் அது எப்போது எடுத்தது என்று யாருக்குத் தெரியும்.

இந்தக் குழப்பத்தில்தான் போன ஞாயிற்றுக்கிழமை நான் அந்தக் காரியத்தைச் செய்தேன். பாதிப் பேச்சில், உன் சமையல் ரூமைக் கொஞ்சம் காட்டேன், பாத்திரமெல்லாம் எப்படி வெச்சிருக்கேன்னு பாக்கணும் என்றேன். நீ நெட்வொர்க் சரியில்லைம்மா என்றாய், திரை அப்படியே நின்றுவிட்டது. ரொம்ப நேரம் கழித்து ஸாரிம்மா நெட் போய்டுத்து என்று செய்தி வந்தது. ஒருவேளை நிஜமாகவே நெட்தான் போயிருக்கலாம், இங்கே மழைக்கு எங்களுக்கும்தான் போகிறது. ஆனால் நான் பாத்திரத்தைப் பார்க்கக் கேட்கவில்லை, அது உனக்கும் தெரிந்திருக்கும். போலீஸ்காரி மாதிரி கேட்டேன். அப்பா என்னடி ஆச்சு என்றார், நெட் என்றேன், அவர் ரவுட்டரைத் தட்டிப் பார்க்கப் போய்விட்டார்.

மறுநாள் சுதேஷ்ணாவிடம் பேரைச் சொல்லாமல் சொல்வது போல் ஆரம்பித்து, பாதியில் என் பிள்ளை என்று உளறிவிட்டேன். அவளாவது ஒரு வழி சொல்வாள் என்று பார்த்தால், உங்களுக்கு என்ன தெரிய வேண்டும், அவர் குடிக்கிறாரா என்பதா, அவர் எப்படி இருக்கிறார் என்பதா என்று என்னையே கேட்கிறாள். இரண்டும் ஒன்றுதானே என்றேன். ஒன்றா என்றாள். அப்புறம், உங்கள் பிள்ளைக்கு நீங்கள் கோச் ஆக முடியாது மாதங்கி தி, சொந்தக்காரர்களுக்குச் செய்யக் கூடாது என்பது சட்டம், நீங்கள் அம்மா மட்டும்தான் என்றாள். அம்மா மட்டும்தான் என்றால் அப்போது புத்தி சொல்லலாமா என்று கேட்டேன், சிரித்துக்கொண்டே அடுத்த ஆளைக் கூப்பிடப் போய்விட்டாள். உத்தமனிடம் கேட்டேன், நீ சொன்ன அந்த ஞாயிற்றுக்கிழமைக் கதையை வேறொருத்தருக்கு எழுதலாமா என்று. யாருக்கு என்று அவன் கேட்கவில்லை, என் முகத்தைப் பார்த்துவிட்டுப் பேர் போடாமல் எழுதுங்க என்றான். உன் அம்மா உன்னிடம் நேராகக் கேட்டிருந்தால் என்ன செய்திருப்பாய் என்றேன். கேட்டிருந்தா நல்லா இருந்திருக்கும், ஒருத்தரும் கேக்கவே இல்லையே என்றான். எனக்கு உயிர் வந்தது. வாசல் வரை போனவன் திரும்பி வந்து, இல்ல ஆன்ட்டி, கேட்டிருந்தா இல்லைன்னு சொல்லியிருப்பேன், சொன்னப்புறம் அந்தப் பொய்யையும் சேத்து மறைக்கணும், போனே பண்ணியிருக்க மாட்டேன் என்றான். இதில் எதை நான் எடுத்துக்கொள்வது, நீயே சொல்லு. ஊருக்கு உபதேசம் செய்யவே கூடாது என்று படித்துவிட்டு, வீட்டுக்கும் என்ன செய்வது என்று தெரியாமல் நிற்கிறேன்.

இப்போது உனக்கு ஒன்று சொல்ல வேண்டும், இதற்காகத்தான் இவ்வளவு சுற்றி வந்தேன் என்று நினைக்கிறேன். செவ்வாய்க்கிழமை மத்தியானம் கறிகாய் வாங்கப் போனவள் ஸ்டேஷனுக்கு அந்தப் பக்கம் என்னைத் தெரியாத ஒரு மருந்துக் கடைக்குள் போய், அந்தப் பழைய மாத்திரையின் பெயரைச் சொன்னேன். பெயர் நாக்கிலேயே இருந்தது. சீட்டு வீட்டில் மறந்துவிட்டேன் என்றேன், அதுவும் நாக்கிலேயே இருந்தது. கொடுத்துவிட்டான். பையில் புடலங்காய்க்கு அடியில் வைத்துக்கொண்டு தெருவில் நின்றேன், வீட்டுக்கு எந்தப் பக்கம் போக வேண்டும் என்றே எனக்குப் புரியவில்லை. உன்னால் என்று நினைத்துக்கொள்ளாதே, நீ போனை வைத்ததற்கும் இதற்கும் முடிச்சுப் போடாதே. பயம் வந்தால் என் கை போகிற இடம் அதுதான், மழை வந்தால் நம் சந்தில் தண்ணீர் நிற்பது போல. மையத்தில் என்னோடு வேலை செய்கிற முகமது இஸ்மாயிலுக்குப் போன் செய்தேன், அவர் ஒரு காலத்தில் போதைப் பவுடரில் கிடந்தவர், இப்போது பள்ளிக்கூடத்தில் கணக்கு சொல்லிக் கொடுக்கிறார். எங்கே இருக்கிறீர்கள் தீதி, அங்கேயே நில்லுங்கள் என்றார். டாக்குரியா ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்தோம். மண் கோப்பையில் டீயும் இரண்டு பிஸ்கட்டும் வாங்கி வந்தார். ஏன் வாங்கினீர்கள் என்று கேட்கவில்லை, இத்தனை நாள் கழித்தா என்றும் கேட்கவில்லை. போன மாதம் அவரே தன்னுடைய பழைய சந்துக்குள் போய், வாங்குகிற இடம் வரை நடந்துவிட்டுத் திரும்பியதைச் சொன்னார். முதலில் அவர் தன்னுடையதைச் சொன்னார், அவ்வளவுதான், அதற்கப்புறம் எனக்குச் சொல்ல வாய் வந்தது. பையிலிருந்து எடுத்துப் பிரிக்காமலேயே அவரிடம் கொடுத்துவிட்டேன். ஒரு லோக்கல் ரயில் வந்து எங்கள் இருவரையும் கூட்டம் தள்ளிக்கொண்டு போகப் பார்த்தது, அவர் என் கறிகாய்ப் பையைப் பிடித்துக்கொண்டார். இந்த வேலை என்ன என்று எனக்கு அன்றைக்குக் கொஞ்சம் புரிந்த மாதிரி இருந்தது, வீட்டுக்கு வந்ததும் மறுபடி புரியவில்லை.

இதை அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை, மதுவந்தியிடமும் சொல்லவில்லை. டாக்டரிடம் சொல்லிவிட்டேன், அடுத்த வாரம் வரச் சொல்லியிருக்கிறார், அப்பாவிடமும் சொல்லிவிடுவேன். உன்னிடம் முதலில் சொல்வது சரியா என்று எனக்குத் தெரியாது. நீ நன்றாக இருந்தால் இதைப் படித்துவிட்டு அம்மாவுக்காக அங்கே தனியாக உட்கார்ந்து கவலைப்படுவாய். நன்றாக இல்லை என்றால் உன் பாரத்தின் மேல் என்னுடையதையும் தூக்கி வைக்கிறேன். இரண்டும் தப்பாகத்தான் படுகிறது. ஆனால் முகத்தைக் கழுவி, குங்குமம் இட்டுக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை உன் எதிரே உட்கார்ந்து நான் சௌக்கியம்டா கண்ணா என்று சொன்னேனானால், நீ எனக்குச் செய்வதாக நான் சந்தேகப்படுகிற அதையே நானும் உனக்குச் செய்கிறேன் அல்லவா. எனக்குப் பயமாக இருக்கிறது சைதன்யா. நீ குடிக்கிறாய் என்றும் பயம், குடிக்காத பிள்ளைக்கு இப்படி எழுதுகிறேனே என்றும் பயம். குடிக்கிறாயா என்று நான் கேட்கவில்லை. கேட்டால் நீ ஒரு பதில் சொல்ல வேண்டும், அந்தப் பதிலை அப்புறம் காப்பாற்ற வேண்டும், அந்த வேலையை உனக்கு நான் வைக்க மாட்டேன். என்னுடையதைச் சொல்லிவிட்டேன், நீயும் சொல்ல வேண்டும் என்று கட்டாயம் எதுவும் இல்லை. இந்தக் கடிதம் அபத்தமாகப் பட்டால் கிழித்துப் போட்டுவிடு, அம்மாவுக்குப் பைத்தியம் என்று அக்காவிடம் சொல்லிச் சிரித்துக்கொள், எனக்கு ஒரு கோபமும் வராது.

குளிர் ஆரம்பித்துவிட்டது என்று அப்பா தினமும் உன் ஊர் டெம்பரேச்சரைப் பார்த்து எனக்குச் சொல்கிறார், கையுறை இல்லாமல் வெளியே போகாதே, மதுவந்தியின் பிறந்தநாளுக்குப் போன் செய்ய மறந்துவிடாதே, போன வருஷம் மறந்ததை இன்னும் சொல்லிக் காட்டுகிறாள். பார், புத்தி சொல்லக் கூடாது என்று சொல்லிக்கொண்டே இரண்டு சொல்லிவிட்டேன். எந்த ஊரில் எந்த நிலையில் இருந்தாலும் பக்கத்தில் வந்து உட்கார உனக்கு ஒரு மனுஷர் இருக்க வேண்டும் என்று அம்பாளை வேண்டிக்கொள்கிறேன், நீண்ட ஆயுசோடு இரு. அப்பாவும் ஆசீர்வாதம் சொல்லச் சொன்னார், என்ன எழுதுகிறேன் என்று தெரியாமலேயே.

கடைசியாக ஒன்று, இதை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள். ஞாயிற்றுக்கிழமைதான் கூப்பிட வேண்டும், காலையில்தான் கூப்பிட வேண்டும் என்று ஒன்றும் இல்லை. குடித்திருந்தாலும் கூப்பிடு, நான் எடுப்பேன்.

உன் அம்மா,
மாதங்கி